கப்பல் தொடங்கட்டும்

மெல்போர்னுக்கு முதல்முறையாக வருகிற சொந்தக்காரர்களை எல்லோரும் பென்குவின் பார்க்கக் கூட்டிப்போவார்கள். இல்லாவிட்டால் கடலோரச் சாலையில் பாறைகளைக் காட்டுவார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டு அங்கிள் ஆல்பரிக்குக் கூட்டிப்போவார்.

ஆல்பரி, விக்டோரியாவின் எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர். மெல்போர்னில் அவர் வீடு இருந்த நோபல் பார்க்கிலிருந்து காரில் போக அரை நாள், திரும்பி வர அரை நாள். அங்கே அவர் காட்டுவது ரயில் நிலையத்தின் நடைமேடையை. நீளமான நடைமேடை, அவ்வளவுதான். ஒரு காலத்தில் விக்டோரியாவின் தண்டவாளம் ஓர் அகலம், நியூ சவுத் வேல்ஸின் தண்டவாளம் வேறோர் அகலம். ஆகவே சிட்னியிலிருந்து வருகிற ரயில் அந்த ஊரோடு நின்றுவிடும். மெல்போர்ன் போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு இறங்கி, எதிரே நிற்கிற ரயிலில் ஏற வேண்டும். அந்தச் சங்கடமும் நான் பிறப்பதற்கு முன்பே தீர்ந்துபோய்விட்டது. தீர்ந்துபோன ஒரு சங்கடத்தைப் பார்ப்பதற்குத்தான் எங்களை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போவார்.

டொரண்டோவிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு வந்திருந்த கோடையில் நானும் அந்த வேனில் இருந்தேன். பிள்ளைகளுக்குப் பென்குவின் என்று ஆசை காட்டி வைத்திருந்தார்கள். கொதிக்கிற வெயிலில் நடைமேடையின் நடுவில் எங்களை நிறுத்தி, இரண்டு கைகளையும் விரித்து, "இந்த இடந்தான்" என்றார் அங்கிள். மூத்த பெண் அந்தப் பக்கமும் பார்த்தாள், இந்தப் பக்கமும் பார்த்தாள்.

"வாட் ஆர் வீ லுக்கிங் அட்?" என்று கேட்டாள்.

"பயத்தை" என்றார் அவர். "ரெண்டு மாநிலம். ஒரே ராணி, ஒரே பாஷை. எண்டாலும் ஒருத்தனுக்கு மற்றவனில பயம். அவன்ர ரயில் என்ர வாசலுக்கு வரக்கூடாது. தண்டவாளத்தின்ர அகலத்தைப் பாத்தால் ஆருக்கு ஆரில பயம் எண்டு தெரியும், பிள்ளை."

அது பயமில்லை, ஆரம்பத்தில் நடந்த ஏதோ குழறுபடி என்று எங்கேயோ படித்ததாகத் தம்பி மெல்லச் சொன்னார். "குழறுபடியைத் திருத்த ஏன் அவ்வளவு காலம் எடுத்தது எண்டு கேள்" என்றார் அங்கிள். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, விக்டோரியாவுக்குள் திரும்பி வந்தோம்.

இப்போது அவர் இல்லை. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஆல்பரியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கும் வேறு இடத்திலிருந்து தொடங்கத் தெரியவில்லை.

நான் ராமநாதபுரத்துப் பெண், நர்ஸ். தொண்ணூறுகளின் கடைசியில் மெல்போர்னின் டான்டினாங் பக்கம் வேலை கிடைத்து வந்தபோது, தெரிந்தவர் ஒருவர் மூலம் இவர்கள் வீட்டுப் பின்னறை கிடைத்தது. ஆன்ட்டி கதவைத் திறந்து "வாங்கோ பிள்ளை" என்று கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அங்கிள் எதிர்க் கதிரையில் இருந்தபடி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நீர் எந்த ஊர்?"

"ராமநாதபுரம், அங்கிள்."

"ஆ" என்று நிமிர்ந்தார். "அப்ப நீரே சொல்லும். உங்கட ஆக்கள் கப்பலை ஏன் திரும்ப விடேல்லை?"

எந்தக் கப்பல் என்று எனக்கு உடனே புரியவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஓடிய கப்பலை அவர் சொன்னார். கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறி, தலைமன்னாரில் அந்தக் கப்பலுக்கு மாறி, ராமேஸ்வரத்தில் மறுபடியும் ரயில் பிடித்துச் சென்னை எழும்பூரில் போய் இறங்கலாம். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு சண்டை வலுத்தபோது அது நின்றுபோனது. நின்றபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. ஆனாலும் அந்தக் கப்பலுக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல அவர் பார்த்தார்.

"எங்க ஆளுங்க யாரும் எங்கிட்ட கேட்டுட்டு நிறுத்தல அங்கிள்" என்றேன்.

"பாத்தீரே, அதுதான் பிரச்சினை. அவை ஒருத்தரிட்டயும் கேக்கிறேல்லை" என்றார்.

வாடகை, தண்ணீர், சமையலறையில் எனக்கு எந்தத் தட்டு என்கிற விஷயமெல்லாம் ஆன்ட்டி பிறகு வந்து சொன்னார். அன்றிலிருந்து நான் கல்யாணமாகி வெளியே போகும்வரை, காலையில் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் இந்தியாவின் சார்பில் ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் செருப்புப் போட முடிந்தது.

அவர் கொழும்பில் ரயில்வே திணைக்களத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தவர். இங்கே வந்து ஒரு நகரசபையில் கழிவுநீர்க் குழாய்களை வரைந்தார். அதில் அவருக்கு மரியாதை இல்லை. குழாய் எல்லாருக்கும் ஒரே அகலத்தில் போடுகிறார்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பார். யோசனை எல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும். உப்புப் போத்தல் சீனா. தக்காளிச் சோஸ் இந்தியா. ஊறுகாய் பாகிஸ்தான். மடித்த காகிதக் கைக்குட்டை இமயமலை. வெட்டின எலுமிச்சையில் பாதி இலங்கை. முள்ளுக்கரண்டிகளை வரிசையாக நீட்டி வைத்தால் ரயில்பாதை.

"இவன் இந்த மலைக்குள்ளால ரோட்டுப் போடுறான். ஏன் போடுறான்? அவன் அங்கால துறைமுகம் கட்டப்போறான் எண்டு. அவன் ஏன் கட்டுறான்? இவன் ரோட்டுப் போடுறான் எண்டு. அப்ப இவன் அடுத்ததா என்ன செய்வான்?"

"இவன் சாப்பிடுவான். சொதி ஆறிப்போச்சு" என்பார் ஆன்ட்டி. "சீனாவை ஒருக்கா இஞ்சால தாருங்கோ, கறிக்கு உப்புக் காணாது."

கொடுக்கமாட்டார். சீனா அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் கணக்குப் பிழைத்துவிடும். ஆன்ட்டி எழுந்து குசினிக்குப் போய் வேறு உப்பு எடுத்துவருவார். அந்த வீட்டில் உப்புப் போத்தல் இரண்டு இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். முட்டாள்தனமாகப் பேசுகிறவர் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இவர் பேப்பரைக் கத்தரித்து, நூலகத்தில் வரைபடம் பார்த்து, பேசுவதைத் தெரிந்துதான் பேசுவார். ஆனால் எதை எங்கே பேசுவது என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. என் கல்யாண வரவேற்பில் பெரியவராயிற்றே என்று மைக்கைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டு இறங்குவார் என்று நினைத்தோம். "பொம்பிளை ராமநாதபுரம், மாப்பிள்ளை ஈப்போ" என்று ஆரம்பித்தார். "ரெண்டு ஊரிலயும் ரயில் இருக்குது. நடுவில பர்மாதான் குறை. இந்தியாவும் சீனாவும் பர்மாவை இழுத்துப் பிடிக்கிறதை விட்டால், சம்பந்தி வீட்டுக்கு ரயிலிலயே போய் வரலாம்." பிறகு பர்மாவில் எந்த இடத்தில் பாதை விட்டுப்போயிருக்கிறது என்பதை விளக்கினார். என் மாமியார் என் பக்கம் சாய்ந்து, உங்கள் சொந்தக்காரரா என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். பெரிய தகவல் களஞ்சியமாக இருக்கிறாரே என்றார், அவ்வளவு நல்ல மனுஷி.

விமானம் என்றால் அவருக்கு ஆகாது. பயம் கிடையாது. ஆஸ்திரேலியாவுக்கு வந்ததே விமானத்தில்தான். யாரை வேண்டுமானாலும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவார், கூட்டி வருவார். ஆனால் உள்ளே வராமல் கார் நிறுத்துமிடத்திலேயே நிற்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"பிளேன் ஒரு பாதை இல்லைப் பிள்ளை. அது தாண்டிப் போறது. பாதை எண்டால் ரெண்டு பக்கத்துக்காரனும் சம்மதிக்க வேணும். சம்மதிக்காமல் தலைக்கு மேலால போனால் அவங்களுக்கு என்ன கவலை? காலம் பூராவும் பூட்டியே வைச்சிருப்பாங்கள்."

நல்ல வார்த்தைதான். கேட்டவுடன் எனக்கும் பிடித்திருந்தது. அந்த நல்ல வார்த்தையை அவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. எங்கள் ராமநாதபுரத்தில்தான் இருந்தார். பின்னறை எனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததும் அதனால்தான். ஆன்ட்டிதான் ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தது. தங்கையின் கணவர் அதற்கு முந்தின வருஷமே மாரடைப்பில் போய்விட்டார். கைக்குழந்தையோடு நின்ற தங்கையை அண்ணன்தான் தலைமன்னாருக்குக் கூட்டிப்போய்க் கப்பலில் ஏற்றிவிட்டார். இந்தியாவில் கொஞ்ச நாள் இரு, நிலைமை சரிவந்ததும் இதே கப்பலில் நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கொஞ்ச நாளில் கப்பல் நின்றது. அவருக்கும் ஆன்ட்டிக்கும் மெல்போர்னுக்கு விசா வந்தது. தங்கை மண்டபம் முகாமில் இருந்து, பிறகு ராமநாதபுரத்தில் வாடகை வீட்டுக்கு மாறி, அகதி என்கிற பெயரோடு அங்கேயே தங்கிவிட்டார்.

"பிறகு அங்கிள் போய்ப் பார்க்கவே இல்லையா ஆன்ட்டி?"

"கப்பல் தொடங்கட்டும் எண்டுதான் ஒவ்வொரு வருஷமும் சொல்லுறார்" என்றார் ஆன்ட்டி. "காசு அனுப்புவார். கிழமைக்கு ஒருக்காக் கதைப்பார். போறது எண்டால் மட்டும் கப்பலிலதான் போறதாம். சொன்ன சொல்லாம்."

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் தங்கைக்கு ஒரு பொதி தந்துவிடுவார். ஒருமுறை ராமநாதபுரத்து வெயிலுக்குக் கம்பளிச் சால்வை கொடுத்தனுப்பினார். தங்கை அதை விரித்து, மடித்து, மறுபடியும் விரித்துப் பார்த்தார். "அண்ணைக்கு நான் எங்க இருக்கிறன் எண்டு நினைப்பு?" என்றார். அண்ணனைப் போலவே மெலிந்த முகம், அண்ணனைப் போலவே வெடுக்கென்ற பேச்சு. "என்னவாம் உங்கட வெளிநாட்டு மந்திரி? இந்தியா என்ன செய்யுதாம், சீனா என்ன செய்யுதாம்? என்ர சேதி ஏதும் கேக்கிறவரோ, இல்லாட்டி நாடுகளின்ர சேதிதானோ?"

கேட்பார் அக்கா, நிறையக் கேட்பார் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு நடுவே, உங்கள் ஊர் ரயில் இன்னும் குறுகிய மீட்டர் கேஜ் பாதையில்தானா என்றும் கேட்பார்.

தங்கைக்குச் சர்க்கரை இருந்தது. நான் அந்த வீட்டுக்குக் குடிவந்த இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, கண் மங்க ஆரம்பித்தது. மதுரையில் லேசர் வைத்தார்கள். அவருடைய மகள், அதற்குள் அவள் ஒரு கடையில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தாள், போனில் மாமாவிடம் சொன்னாள். "மாமா, அம்மாவுக்குக் கண் குறைஞ்சுகொண்டு போகுது. கண் தெரியிற நேரத்திலயே உங்களை ஒருக்காப் பாக்க வேணுமாம்." ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். அங்கிள் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்ப சமாதானம் வரும்போலக் கிடக்குது. கப்பல் திரும்ப விடுறதைப் பற்றிக் கதைக்கினம்" என்றார்.

நான் நர்ஸாகவே பேசினேன். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும், லேசர் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "இது காத்திருக்கிற வியாதி இல்ல அங்கிள். இந்த வருஷம் பார்க்கிற கண்ணு அடுத்த வருஷம் பார்க்கும்னு சொல்ல முடியாது. டிக்கெட் போடுங்க."

"எனக்கு விளங்குது" என்றார். "அதுதான் இந்த வருஷமே தொடங்கிற சாத்தியம் இருக்கெண்டு சொல்லுறன்."

தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

யுத்தநிறுத்தம் வந்தது. கப்பல் வரப்போகிறது, பாலம்கூட வரப்போகிறது என்று பேப்பரில் எழுதினார்கள். அவர் நீண்டகால விடுப்பை எடுத்தார். புதுப் பெட்டி வாங்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து கொழும்புக்கு வேறு வழியில்லை என்பதால் அதுவரை விமானத்தில் போக அவருடைய சட்டத்தில் இடமிருந்தது. ஆன்ட்டியோடு கொழும்பில் போய் இறங்கி, வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். கப்பலுக்காக.

அந்த விடுப்பு முழுவதும் அவர் வெள்ளவத்தையில் இருந்தார். கப்பல் அடுத்த மாதம் என்றார்கள். பிறகு அதற்கும் அடுத்த மாதம் என்றார்கள். தலைமன்னாருக்குத் தண்டவாளமே பெயர்ந்து கிடக்கிறது, கப்பல் வந்தாலும் எப்படிப் போவீர்கள் என்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். கப்பல் வந்தால் தண்டவாளம் வரும் என்றார். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறினால் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம். அங்கிருந்து காரில் ராமநாதபுரம். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் தங்கை முன்னால் நிற்கலாம். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த மனிதர் அந்தக் கொஞ்சத் தூரத்தைத் தாண்டமாட்டேன் என்று பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆன்ட்டி தனியாகப் போனார். இவரே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார், வழக்கம்போல உள்ளே வராமல். ஆன்ட்டி நாலைந்து நாள் தங்கிவிட்டுத் திரும்பி வந்தபோது காரில் அவர் கேட்ட முதல் கேள்வியை ஆன்ட்டி எனக்கு மெல்போர்னில் வந்து சொன்னார். பாம்பன் பாலம் பக்கம் ரயில்பாதையை அகலப்படுத்தும் வேலை தொடங்கிவிட்டதா என்று கேட்டாராம்.

"நான் சொன்னன், உங்கட தங்கச்சிக்கு ஒரு கண் முழுக்கப் போயிட்டுது. மற்றதில என்னைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்தவள். அண்ணை வரேல்லையோ எண்டு பின்னால பாத்தவள். அதைக் கேளுங்கோ முதல் எண்டன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"வீட்டை வந்து சாப்பிடாமல் படுத்திட்டார். அடுத்த நாள் எழும்பி, பாதையை இலங்கையில இருக்கிற அளவுக்கு அகலமாக்கினால் ரெண்டு நாட்டுத் தண்டவாளமும் ஒண்டாயிடும், பிறகு மறிக்க ஏலாது எண்டார்." ஆன்ட்டி தோளைக் குலுக்கினார். "நான் இந்த மனுசனோட முப்பது வருஷம் இருக்கிறன் பிள்ளை. இவரை வெட்டினாலும் உள்ளுக்கு வரைபடம்தான் கிடக்கும்."

இதெல்லாம் எழுதும்போது அவரைக் கல்நெஞ்சக்காரராக்கிவிடுகிறேனோ என்று இருக்கிறது. அப்படிப்பட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கதவைத் தட்டினவர். என் அப்பா இறந்த செய்தி வந்த காலையில் காரை வெளியே எடுத்து, டிக்கெட் போட்டு, ஒரு வார்த்தை நாடுகளைப் பற்றிப் பேசாமல் என்னை விமான நிலையத்தில் விட்டவர். அப்போது விமானம் அவருக்குத் தாண்டுவதாகத் தெரியவில்லை. மற்றவர்கள் தாண்டிப் போகலாம். தான் போனால் கப்பல் இனி இல்லை என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு பெண்ணின் கண் கழிந்துகொண்டே வந்தது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் இலங்கையில் மறுபடியும் சண்டை தொடங்கியது. அதே காலத்தில் சீனாக்காரன் திபெத்துக்கு ரயில் விட்டான். அப்போது நாங்கள் மெல்போர்னின் வடக்கே கிரெய்கிபர்னில் வீடு வாங்கிக் குடியேறியிருந்தோம். ஒரு சனிக்கிழமைக் காலையில் ஆன்ட்டிக்குக் கொஞ்சம் முருங்கைக்காய் கொடுக்கலாம் என்று நோபல் பார்க் போனேன். மேசையில் பேப்பர் விரிந்திருந்தது. பனிமலையின் ஓரமாக ரயில் போகிற படம்.

"பாரும். வானத்துக்குப் பக்கத்தில கொண்டுபோய்த் தண்டவாளம் போட்டிட்டான். இனி இந்தியா சும்மா இருக்காது. அவையும் இந்தப் பக்கம் போட்டே ஆக வேணும். ராமேஸ்வரம் பாதையை அகலமாக்கத் தொடங்கிட்டினம். போட்டி வந்தால்தான் பாதை வரும். அடுத்தது எங்கட கப்பல்தான்."

ஆன்ட்டி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். அன்று காலை ராமநாதபுரத்திலிருந்து தங்கையின் மகள் பேசியிருக்கிறாள். இரண்டாவது கண்ணில் இரத்தம் கசிந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். கட்டு அவிழ்த்த பிறகு வெளிச்சம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இதைக் கேட்டுவிட்டு வந்து அவர் திபெத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முருங்கைக்காயைத் திபெத்தின் மேல் போட்டேன்.

"அங்கிள், நீங்க உங்க தங்கச்சிய பார்க்கக் கூடாதுன்னு இந்தியா சொல்லல. சீனா சொல்லல. அவங்களுக்கு உங்க தங்கச்சி யாருன்னே தெரியாது. தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்கதான் போகல."

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசினதில்லை. ஆன்ட்டி என்னை அதட்டுவார் என்று பார்த்தேன், அதட்டவில்லை. அங்கிள் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்காக அடுக்கினார். பேப்பரை மடித்தார். "சொல்லு கூடிப்போச்சுப் பிள்ளை" என்றார். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். நானும் சாப்பிடாமல் கிளம்பி, கிரெய்கிபர்ன் வரை என்னையும் அவரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "நீர் எப்ப ஊருக்குப் போறீர்?" என்றார். பொங்கலுக்கு என்றேன். "எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போடும்" என்றார்.

ஆன்ட்டிக்கு அப்போது முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவர் வரவில்லை. சிங்கப்பூர் வழியாகச் சென்னை, அங்கிருந்து மதுரை. விமானத்தில் முன்னிருக்கையின் திரையில் வரைபடம் ஓடியது. விமானம் ஒரு சின்ன அம்புக்குறியாக நாடுகளின் மேல் நகர்ந்தது. நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன், இதோ பர்மாவைத் தொடங்குவார் என்று. அவர் திரையை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்கு ரயில் இல்லை. பாதையை அகலப்படுத்துவதற்காகப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்திருந்தார்கள். காரில் போனோம். பரமக்குடி தாண்டி ஓரிடத்தில் சாலையோரமாகவே வேலை நடந்தது. புதிய கட்டைகள் அகலமாக வரிசையாகக் கிடந்தன. இத்தனை வருஷமாக அவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்த பாதை அது. டிரைவரிடம் நிறுத்தச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வாரினார்.

தங்கை வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். புதுச் சேலை. காரின் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றார். மகள் ஓடிவந்து, "அம்மா, மாமா வந்திட்டார்" என்றாள்.

தங்கை சிரித்தார். ஆனால் முகம் டிரைவர் நின்ற பக்கமாகத் திரும்பியிருந்தது. "வாங்கோ அண்ணை" என்று அந்தப் பக்கம் பார்த்துக் கையை நீட்டினார். டிரைவர் பதறி விலகினான். அங்கிள் சட்டென்று நடந்து போய், தங்கை பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தி, அந்தக் கையைப் பிடித்தார். நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்லவில்லை. தங்கை பார்த்தது சரியான பக்கம்தான் என்பதுபோல நின்றார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவருடைய எல்லா நாடுகளையும் நான் மன்னிக்கத் தயாராக இருந்தேன்.

"மெலிஞ்சு போனியள்போலக் கிடக்கு. கை எலும்பாக் கிடக்குது."

"வயசு போயிட்டுதுதானே."

"அண்ணிக்குக் கால் எப்பிடி?"

"பரவாயில்லை. நடக்கிறா."

தங்கை உட்கார்ந்தார். இவரும் பக்கத்தில் இருந்தார், கையை விடாமல். மகள் தேத்தண்ணீர் போட உள்ளே போனாள். சந்தில் யாரோ சைக்கிளில் போனார்கள். தங்கை அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதில வந்தனீங்கள்?"

"பிளேனில."

"ம்" என்றார். அண்ணனின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, குறை இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரல்தான்.

"பிளேன் அப்பவும் ஓடினதுதானே, அண்ணை?"

அவர் வாயைத் திறந்தார். எனக்கு அவரைத் தெரியும். இப்போது இந்தியா வரும், சீனா வரும், சம்மதிக்க வேண்டிய இரண்டு பக்கமும் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் பெரியவர் என்றும் பார்க்காமல் நான் ஏதாவது செய்திருப்பேன். அவர் உதடு இரண்டு முறை அசைந்தது. ஒரு நாடும் வரவில்லை.

"ஓடினது" என்றார்.